நட்பா? அடிமைத்தனமா?

உதகைச் சோலை மரமொன்றில் சாம்பற் பச்சையாய்ப் படர்ந்திருந்த கல்பாசியை மாணவர்க்குக் காட்டினோம். பூஞ்சை உறைவிடம் தர, உள்ளிருக்கும் பாசி கதிரொளியில் உணவு ஆக்குகிறது என்றோம். "அப்படியானால் பாசி அடிமையா?" என்றாள், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாயின் மகள்.

1869-லேயே அடிமை என்றுதான் எழுதினார், சுவிட்சர்லாந்து அறிஞர் சுவெண்டனர். ஆண்டானும் அடிமையும் கண்டு பழகிய உலகம் தந்த சொல் போலும்!

நம் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்த பவளங்களிலும் இத்தகைய கூட்டு வாழ்வே. பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள். அவை ஆக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்கு, பவளத்தின் கழிவோ பாசிக்கு உரம். வண்ணமும் பெரும்பாலும் பாசி ஈந்ததே! 2010-லும் 2016-லும் கடல் சூடேறிற்று, பாசிகள் நீங்கின, பவளங்கள் வெளுத்தன, பல பட்டினியால் மாண்டன. உழைப்போனை இழந்தபின் ஆண்டான் எங்கே?

எனினும் தூய நட்பென்று பாடவும் மனம் ஒப்பவில்லை. பாசி மிகுதியாய்ப் பெருகாதபடி, அதற்குக் கிட்டும் நைட்ரசனைப் பவளம் அளந்தே விடுகிறது. அடிமைமுறை இயற்கையின் கட்டளை என்பாரும், தோழமை இயற்கையின் பாடம் என்பாரும் தம் விருப்பத்தையே பாசியின் வாயில் வைத்துப் பேசுகின்றனர். பாசி இசைந்ததுமில்லை, மறுத்ததுமில்லை. கூலி போதாதென்று கேட்கச் சிறுமியின் தாய்க்கு வாயுண்டு. அடிமை என்பது மனிதர் மனிதர்க்குப் பூட்டிய விலங்கு, பாசிக்குப் பொருந்தாது என்றோம் அவளிடம்.