இருவர் தந்த அமானிதம்

வீட்டில் எழும் பிணக்கு வீட்டோடு அடங்கிவிட வேண்டும் என்பது நம் முன்னோர் போற்றிய நெறி. அடங்காதபோது என் செய்வது? திருமறையின் அந்நிஸா அத்தியாயம், 35ஆம் வசனம் வழிகாட்டுகிறது. கணவனின் சுற்றத்தாரில் ஒருவரும் மனைவியின் சுற்றத்தாரில் ஒருவரும் நடுவராக அமர வேண்டும். இணக்கத்தை மெய்யாக நாடினால் இறைவன் அதை அருள்வான் என்பது அதன் கருத்து.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளை நோக்குவோம். தொழிற்பேட்டையையும் படைத்தளவாட ஆலைகளையும் நாடி வெளிமாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியோர் இங்குப் பலர். நடுவராக அமரத்தக்க பெரியவர்கள் ஊரில் இருக்கின்றனர். ஆகவே சிலர் குடும்பநல ஆலோசகரை நாடுகின்றனர். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும் ஆலோசகர்களுக்கு இடமளித்திருக்கிறது.

இங்கே ஒரு வினா பிறக்கிறது. காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வருபவர் ஒருவர். அவர் நலமே மருத்துவரின் கடமை. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் ஆலோசகர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். கணவர் இரவு முறை வேலைக்குச் சென்ற நேரத்தில் மனைவி ஆலோசகரைத் தொலைபேசியில் அழைக்கிறார். "தம்பியின் கடனுக்காக நகைகளை அடகு வைத்துவிட்டேன் அம்மா, அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்கிறார். நகை அவருடைய உடைமை, அதில் குற்றமில்லை. ஆனால் அடுத்த சந்திப்பில் கணவர், "எங்களுக்குள் ஒளிவுமறைவே கிடையாது" என்கிறார். உண்மையை அறிந்த ஆலோசகர் வாய்மூடி இருந்தால் மறைப்புக்குத் துணையாகிறார். வாய்திறந்தால் அமானிதத்தை முறிக்கிறார்.

இதற்கு விடை முதல் நாளிலேயே இருக்கிறது. தனியே சொல்லப்படுவதைக் காப்பேன் என்றோ, ஒருவரிடம் கேட்டதை மற்றவரிடம் மறைக்கமாட்டேன் என்றோ, இருவர் முன்னிலையிலும் முன்கூட்டியே கூறிவிட வேண்டும். அதன்பின், மறைத்தவரே தம் வாயால் சொல்லும் துணிவைப் பெற அவகாசம் தந்து உதவவேண்டும்.

நடுநிலை என்பது இருவரிடமிருந்தும் விலகி நிற்பது என்று நாம் எண்ணுகிறோம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் இவான் போசோர்மேனி நாஜ் வேறுவிதமாகக் கருதினார். ஒவ்வொருவர் பக்கமும் முறைவைத்து நின்று அவரவர் நியாயத்தைக் கேட்பதே அவர் கண்ட வழி. அவையில் இல்லாத மாமியாருக்கும் குழந்தைக்கும்கூட அதில் பங்குண்டு.

எனினும், அடிபட்டவரையும் அடித்தவரையும் ஒரே தட்டில் வைப்பது நடுநிலையாகாது, அநீதியே ஆகும். மனநலம் நாடி வருபவரின் இரகசியத்தைக் காக்கும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிறரைத் தீங்கிலிருந்து காக்க வேண்டிய இடத்தில் அக்காப்பைத் தளர்த்துகிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் பெண்ணுக்குத் துணை நிற்கிறது. அச்சத்தில் வாயடைத்து நிற்பவளிடம் பெறும் இணக்கம் இணக்கமன்று.

சுற்றத்தாரை விலக்கிவிட்டுச் சிகிச்சை செய்வது நம் மண்ணின் வழக்கமுமன்று. 1950களில் அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர் மனநோயாளருடன் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அந்நெறியைக் கைக்கொண்டது.

பள்ளிவாசல் திண்ணையில் வழக்குக் கேட்கும் நம் ஜமாஅத் பெரியவர்களுக்கும் இவை பொருந்தும். அங்கு கேட்டது தேநீர்க் கடையில் பேச்சாகுமானால், அடுத்த பெண் யாரை நம்பிப் படியேறுவாள்? இருவர் நம்பி ஒப்படைத்ததை இருவருக்குமாகக் காப்பவரே நடுவர்.