குருவிக்கு ஒரு கூடு... புண்ணியமா, கடனா?

காக்கைக்குச் சாதம் வைக்காமல் சாப்பிடாத இல்லத்தரசிகள் இன்றும் உண்டு. முன்னோர் நினைவு அதில் கலந்திருக்கிறது. ஆனால், பால்கனியில் சிட்டுக்குருவிக்காக மரப்பெட்டி மாட்டுகிறார்களே, அது எதற்காக? குடியேறினால் நமக்குக் கிடைப்பது எச்சமும் வைக்கோல் குப்பையும்தான்!

‘வாயில்லா ஜீவனுக்கு இடம் கொடுத்தால் புண்ணியம்’ என்பார்கள். எனக்கென்னவோ, அந்தச் சொல் இங்கே சற்றுப் பெரிதாகவே படுகிறது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம் ஆகிய ஐந்தாலும் நம்மை அறியாமல் சிற்றுயிர்கள் மாள்கின்றன என்கிறது மனு ஸ்மிருதி. அதற்குப் பரிகாரமாக விதித்த ஐந்து வேள்விகளில் ஒன்றுதான், பிற உயிர்களுக்கு உணவிடும் பூத யக்ஞம். ஆக, அது தானம் அல்ல, கடன் தீர்ப்பது!

குருவி விஷயத்தில் கடன் கண்ணுக்கே தெரிகிறது. ஓட்டு வீட்டின் உத்தரத்திலும் சுவர்ப் பொந்திலும் யாரையும் கேட்காமல் குடியிருந்த பறவை அது. அதற்கென்றே நெற்கதிர்க் கொத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கான்கிரீட் போட்டோம், பொந்துகள் போயின.

கடன் என்றால் ஒழுங்காகத் தீர்க்க வேண்டாமா? நுழைவு ஓட்டை சுமார் 3 செ.மீ. இருந்தால் மைனா நுழையாது. நேர் வெயில் படாத, பூனை எட்டாத இடம் முக்கியம். முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். அதுவரை திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். (விரதத்தைவிட இது கஷ்டம்!) குஞ்சுக்குப் புழு, பூச்சிதான் ஆகாரம். தொட்டிச் செடிக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டே கூடு வைப்பதில் என்ன நியாயம்?

சில பெட்டிகள் வருஷக்கணக்கில் காலியாகவே தொங்கும். ‘ராசி இல்லை’ என்று கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். வேண்டாமே! தூசி தட்டி, அதே ஆணியில் மாட்டி வையுங்கள்.