இறாலும் நத்தையும் இரண்டு அறிக்கைகளும்

செனகல் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, 1986-இல் தியாமா அணை கட்டி முடிக்கப்பட்டது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றில் நீர் வற்றும் மாதங்களில் கடல்நீர் வெகுதூரம் உள்ளே ஏறிவரும்; அதைத் தடுத்துவிட்டால் ஆண்டு முழுதும் நன்னீர் கிடைக்கும், நெல்லும் கரும்பும் விளையும். விளைந்தன. ஆனால் 1988-இல், கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த ரிஷார்-தோல் ஊரில், அந்தப் பக்கத்தில் அதுவரை அறியப்படாத குடல் சிஸ்டோசோமியாசிஸ் நோய் தலைகாட்டி, சில ஆண்டுகளுக்குள் வட்டாரமெங்கும் பரவியது. உப்பு நீங்கிய வாய்க்கால்களில் நன்னீர் நத்தைகள் பெருகின. நத்தையிலிருந்து வெளிவரும், இந்த நோயை உண்டாக்கும் புழுவின் இளம்பருவம், துவைக்கவும் குளிக்கவும் தண்ணீரில் இறங்கியவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போனது. இன்னொரு கண்ணியும் இருந்தது. அந்த நத்தைகளைத் தின்னும் ஆற்று இறால், குஞ்சு பொரிக்க முகத்துவாரத்து உவர்நீருக்குப் போயாக வேண்டும். அணை அதன் வழியை அடைத்துவிட்டது. மீன்வளக் கணக்கில் அந்த இறால் ஒரு வருமான இழப்பு. மருத்துவமனைக் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

திட்டமிடும்போது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை ஒருவரும் சுகாதாரத் தாக்க மதிப்பீட்டை இன்னொருவரும் செய்வது வெறும் வேலைப் பங்கீடாகத் தோன்றலாம். அதனடியில் ஒரு தத்துவம் இருக்கிறது: மனிதன் தன் தோலோடு முடிந்துவிடுகிறான், அதற்கு வெளியே இருப்பது அவனுடைய சூழல் என்ற நம்பிக்கை. உடலும் உலகும் ஒரே ஐம்பூதங்களால் ஆனவை என்ற சித்த மருத்துவத்தின் பார்வை இதற்கு நேர் எதிரானது. நம் காதுக்கு இனியதும்கூட. ஆனால் எல்லாம் ஒன்றே என்று சொல்லி நிறுத்திவிட்டால் எந்த வாய்க்காலில் எந்த நத்தை என்பது தெரியவராது. இங்கே பௌத்தம்தான் கூடுதலாக உதவுகிறது என்பேன். மணிமேகலையின் கடைசிக் காதை விரித்துரைக்கும் பன்னிரு சார்புகள், ஒன்றைச் சார்ந்து மற்றொன்று எப்படித் தோன்றுகிறது என்று கண்ணி கண்ணியாகக் கேட்கும் முறை. இரண்டு மதிப்பீடுகளையும் இணைப்பதன் பயன் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இரண்டு அறிக்கைகளை ஒரே அட்டைக்குள் தைத்து, பின்பகுதியில் அருகிலுள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியலைச் சேர்ப்பது இணைப்பு ஆகாது.

அலாஸ்காவின் வடசரிவில் எண்ணெய்க் குத்தகைக்கான சுற்றுச்சூழல் அறிக்கை 2007 வாக்கில் திருத்தப்பட்டபோது இப்படி ஓர் இணைப்பு நடந்தது. அங்கு வாழும் இனுப்பியாட் பழங்குடி மக்களின் உள்ளாட்சி வற்புறுத்தியதால் உடல்நலம் அந்த அறிக்கைக்குள்ளேயே ஆராயப்பட்டது. துரப்பணத்தால் கரிபூ மான்கள் விலகிப்போனால் வேட்டை குறையும், கடை உணவு கூடும், நீரிழிவு கூடும். மானை வனவிலங்கு என்று மட்டும் எண்ணியவர்களுக்கு அது இரவுச் சாப்பாடும்கூட என்று தெரிந்தது; மக்கள் உடல்நலத்தைக் காக்கும் புதிய நிபந்தனைகளும் திட்டத்தில் சேர்ந்தன. திட்டம் கைவிடப்படவில்லை என்பதால் இதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. மதிப்பீடு தடைச்சட்டம் அல்லவே.

செனகலில் இறாலையெல்லாம் யார் முன்கூட்டிக் கண்டிருக்க முடியும் என்று கேட்கலாம். இறாலைக் கண்டிருக்க முடியாமல் போயிருக்கலாம், நத்தையைக் கண்டிருக்கலாம். கானாவில் 1965-இல் அக்கோசோம்போ அணை வோல்டா ஏரியை உருவாக்கிய பிறகு, கரையோரக் குழந்தைகளிடம் இதே குடும்பத்து நோய் பெருகியது அப்போதே தெரிந்த செய்தி. தீங்கு செய்யும் எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை, எண்ணமே வினை என்று பௌத்தமும் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அதே பௌத்தம் பன்னிரண்டு கண்ணிகளில் முதலாவதாக வைத்திருப்பது பேதைமையை.

இதைவிட வலுவான மறுப்பு, நிகர நன்மையைக் காட்டுவது. அரிசி கிடைத்தது, வேலை கிடைத்தது, குவியே ஏரி வழியாகத் தலைநகர் டக்கார் வரை குடிநீர் உறுதிப்பட்டது. இவற்றோடு வைத்துப் பார்த்தால் மாத்திரையால் தீரும் ஒரு நோய் தாங்கக்கூடிய விலைதானே? அந்த மாத்திரையான பிராசிகுவான்டெல் புழுவைக் கொல்லும், நத்தையைத் தொடாது. மாத்திரை விழுங்கிய குழந்தை மறுநாள் அதே வாய்க்காலில்தான் இறங்கும். அதோடு, டக்காரில் குழாயைத் திறப்பவரின் நன்மையையும் வாய்க்காலில் நிற்பவரின் புழுவையும் ஒரே தராசில் இட்டு நிகரம் பார்க்க, அவர்கள் இருவரும் ஒரே ஆள் அல்ல. விலையைக் கொடுக்கப்போகிறவரிடம் இது விலை என்று முதலில் சொல்லியாக வேண்டும். தனித்தனி அறிக்கைகளில் அதைச் சொல்லும் பொறுப்பு ஒருவருக்கும் இல்லை.

இயற்கையை மனித உடல்நலத்தின் வேலைக்காரியாக்கி, ஆற்றின் சொந்த மதிப்பை இந்த இணைப்பு குறைத்துவிடும் என்ற கவலையை நான் மதிக்கிறேன். நத்தைக்கொல்லியான நிக்ளோசமைடைத் தெளித்தால் நத்தை சாகும், மீனும் சாகும். சுகாதார அறிக்கை மட்டும் கையில் இருந்தால் அது வெற்றி. இணைந்த அறிக்கையில் மீனும் அதே பக்கத்தில் நிற்பதால், தெளிப்பவர் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். செனகல் ஆற்றங்கரையில் இறாலை மீண்டும் விட்டுப் பார்த்த ஆய்வில் நத்தைகளும் தொற்றும் குறைந்தன. ஆனால் இறால் தானாகத் திரும்பிவர, அணையில் அதற்கு ஒரு வழி விட்டாக வேண்டும்.