வெள்ளியை அளக்காமல் திரும்பியவர்

குரு முன்பு பள்ளியில் கணிதம் நடத்தியவர். சீடன் அவரிடம் படித்தவன். படிப்பு முடிந்த பிறகும் வந்துபோய்க்கொண்டிருப்பவன். குரூப் 1 தேர்வுக்காகப் பல ஆண்டுகளைக் கொடுத்தான். முதனிலைத் தேர்வைத் தாண்டி, முதன்மைத் தேர்வு எழுதப் புறப்பட்ட காலையில் அவன் தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. தேர்வுக்கூடத்துக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போனான். தந்தை பிழைத்துக்கொண்டார். இன்னொரு முறை எழுத வயது வரம்பு இடம் கொடுக்காது. இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இல்லையென்றால் இந்த உரையாடலே நடந்திருக்காது. 'மறுபடி எழுதப்பா' என்று காப்பி கொடுத்துக் குரு அவனை அனுப்பியிருப்பார்.

சீடன்: ஐயா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல் வருந்தியதற்குக் கூலியாவது கிடைக்கும் என்று வள்ளுவரைக் காட்டி என்னைத் தேற்ற வேண்டாம்.

குரு: தேற்றப் போவதில்லை. அது உனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருந்தும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாயே.

சீடன்: பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்பதும் வேண்டாம்.

குரு: அதை நான் என்றைக்குச் சொன்னேன்? பலனை எதிர்பாராதவன் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து எதற்குப் படிக்கிறான்? ஆசை இருந்தால்தான் ஆள் நகர்வான். உன் கேள்வியைச் சொல்.

சீடன்: தோற்றுத் தோற்று விடாமல் முயன்று ஜெயித்தவர்கள் கதை எவ்வளவோ கேட்டாயிற்று. எல்லாவற்றிலும் கடைசி வரி வெற்றி. அந்த வரி இருப்பதால்தான் அதற்கு முன்னால் பட்ட பாடெல்லாம் அழகாகத் தெரிகிறது. அந்த வரி வராமலே கதவைச் சாத்திவிட்டால், பட்ட பாட்டுக்கு என்ன மதிப்பு?

குரு: ஜெயித்தவன் கதையை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஜெயிக்காத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். புதுச்சேரிக்கு வந்தவர்தான். கியோம் லெ ஜான்தி என்று பெயர், பிரெஞ்சு வானியலாளர். நீ ப்ளஸ் டூ முடித்த சமயம், 2004 ஜூன் 8-ஆம் தேதி, பள்ளி மைதானத்தில் சூரியக் கண்ணாடி வைத்துப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா?

சீடன்: வெள்ளி சூரியனைக் கடந்தது. சின்னக் கறுப்புப் பொட்டு.

குரு: அதேதான். எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை வரும். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் வராது. பூமியில் ஒன்றுக்கொன்று வெகு தொலைவிலுள்ள இடங்களிலிருந்து அந்தக் கடப்பின் நேரத்தை நொடி பிசகாமல் குறித்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1716-இல் இந்த வழியை எழுதிவைத்தார். அடுத்த கடப்பு 1761-இல். அதுவரை தான் இருக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். 1742-இல் போய்ச் சேர்ந்தார்.

சீடன்: தான் பார்க்க முடியாத ஒன்றுக்கு வழி சொல்லிவிட்டுப் போனார்.

குரு: ஆமாம். லெ ஜான்தி 1760 மார்ச்சில் பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பலேறி ஜூலையில் மொரீஷியஸ் வந்தார். அங்கிருந்து இந்தப் பக்கம் வரக் கப்பல் கிடைக்க அடுத்த மார்ச் ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் ஏழாண்டுப் போர் நடக்கிற காலம். மலபார்க் கரையில் மாஹேயை நெருங்கும்போதுதான் சேதி தெரிகிறது: மாஹேயும் போயிற்று, புதுச்சேரியும் ஜனவரியிலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பலைத் திருப்பிவிட்டார்கள். ஜூன் 6-ஆம் தேதி கடப்பு நடந்தபோது நடுக்கடலில் இருந்தார்.

சீடன்: கப்பலிலிருந்தே பார்த்திருக்கலாமே?

குரு: பார்த்தார். ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் ஒழுங்காக ஓடாது. கப்பல் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது. எங்கிருந்து, எந்த நொடியில் என்று சொல்ல முடியாத அளவு கணக்குக்கு உதவாது. காட்சி கிடைத்தது, எண் கிடைக்கவில்லை. அடுத்தது 1769-இல். அதுவரை ஊர் திரும்பாமல் இந்தக் கடல் பக்கமே இருப்பது என்று முடிவெடுத்தார்.

சீடன்: பிடிவாதம்.

குரு: அவசரப்படாதே. அப்போது அவர் கையில் என்ன தகவல் இருந்தது என்று பார். கடப்பு வரும், அதில் சந்தேகமே இல்லை. எங்கே நின்று பார்ப்பது என்பதுதான் கேள்வி. மணிலா தோதான இடம் என்று 1766-இல் அங்கே போனார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் இவருடைய கடிதங்களே போலியோ என்று சந்தேகப்பட்டார். பாரிஸ் அறிவியல் கழகமும் புதுச்சேரியே நல்லது என்றது. அதற்குள் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியிருந்தது. 1768 மார்ச்சில் வந்து இறங்கினார். இடிந்து கிடந்த கோட்டையின் மேலேயே ஒரு வானாய்வுக் கூடம் எழுந்தது. சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் நல்ல தொலைநோக்கி ஒன்றை இரவல் தந்தார்கள். முன்னே இவரை ஊருக்குள் வரவிடாமல் செய்த அதே ஆங்கிலேயர்கள்! 1769 மே மாதக் காலைகள் தெளிவாக இருந்தன. ஜூன் 3 இரவுகூட வானம் சுத்தம். விடிந்தால் கடப்பின் கடைசிப் பகுதி தெரியும்.

சீடன்: மேகம்.

குரு: பின்னிரவில் விழித்துப் பார்க்கிறார், வானம் மூடிக்கிடக்கிறது. வெள்ளி சூரியனை விட்டு வெளியேறும் வரை மேகம் விலகவில்லை. அப்புறம் வெயில் வந்தது. மணிலாவில் அன்றைக்கு வானம் தெளிவு. இரண்டு வாரத்துக்கு மேல் பேனாவை எடுக்க முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

சீடன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

சீடன்: மணிலாவிலேயே இருந்திருக்கலாம்.

குரு: இதைச் சொல்வாய் என்று தெரியும். தன்னை நம்பாத ஆளுநரின் ஊரை விட்டுவிட்டு, காலை வானம் தெளிவாக இருக்கும் என்று பேர்பெற்ற ஊருக்கு வந்தது தப்பா? முடிவெடுத்த அன்று கையில் இருந்ததை வைத்துத்தான் அந்த முடிவை எடைபோட வேண்டும். 1769-ஆம் வருஷ மேகத்தைக் கொண்டுபோய் 1768-ஆம் வருஷ முடிவின் மேல் வைக்கிறாய். மேகத்தைக் குற்றம் சொல்ல முடியாது என்பதால் மனிதனைக் குற்றம் சொல்கிறோம். நீ மருத்துவமனைக்குப் போனது தப்பா?

சீடன்: அதில் எனக்குக் குழப்பமே இல்லை ஐயா. அத்தனை வருஷத்தையும் ஒரே தேர்வில் கொண்டுபோய் வைத்தேனே, அதுதான் உறுத்துகிறது.

குரு: அது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

சீடன்: விடாமல் நிற்பவனுக்குத்தான் கிடைக்கும் என்று ஒரு விதியே இல்லையா?

குரு: அப்படி எதையும் நான் காணவில்லை. 1761 கடப்புக்காக மேசன், டிக்சன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சுமத்திராவுக்குப் புறப்பட்டார்கள். வழியில் பிரெஞ்சுக் கப்பல் தாக்கி ஆட்கள் செத்தார்கள். இனிப் போகமாட்டோம் என்று இருவரும் எழுதிவிட்டார்கள். லண்டன் ராயல் சொசைட்டி வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது. வேண்டாவெறுப்பாகக் கிளம்பினார்கள். சுமத்திராவை எட்ட முடியவில்லை. நன்னம்பிக்கை முனையில் இறங்கினார்கள். அங்கே அருமையான அளவு கிடைத்தது! இன்னொருவர், ஷாப் தோத்ரோஷ், 1769-இல் கலிபோர்னியா தீபகற்பத்தின் முனைக்குப் போனார். பார்த்தார், நேரத்தைக் குறித்தார், கொள்ளைநோய்க் காய்ச்சலில் இரண்டு மாதத்துக்குள் இறந்துபோனார்.

சீடன்: அப்படியானால் எல்லாம் ஊழ்.

குரு: கிடைப்பதில் ஊழுக்குப் பங்கு உண்டு. ஊழைவிட வலியது இல்லை என்று ஓர் அதிகாரத்தில் சொன்ன வள்ளுவர், அதையும் புறமுதுகிட வைக்கலாம் என்று இன்னோர் அதிகாரத்தில் சொன்னார். இரண்டையும் ஒரே நூலில் வைக்க அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. நமக்குத்தான் ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டாக வேண்டியிருக்கிறது. அதுவும் போக, எதற்காக அத்தனை பேரை உலகம் பூராவும் அனுப்பினார்கள்? சிலருக்கு மேகம் வரும் என்று தெரிந்ததாலும்தான். தஹிதியில் கடலோடி குக், இன்னும் எங்கெங்கோ யார் யாரோ. எல்லா அளவுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் சூரியன் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்ற கணக்குக்கு வெகு அருகில் வந்தார்கள். மேகம் மூடிய இடங்களும் அந்தத் திட்டத்துக்கு உள்ளேதான் இருந்தன.

சீடன்: உலகத்துக்குச் சரி. அவருக்கு? அந்தக் கணக்கில் அவருடைய எண் இல்லையே.

குரு: இல்லை. அதை நான் மழுப்பப் போவதில்லை.

சீடன்: பிறகு எதை மதிப்பு என்கிறீர்கள்?

குரு: 1761-க்கும் 1769-க்கும் நடுவில் அவர் என்ன செய்தார் என்று கேள். மடகாஸ்கரின் கிழக்குக் கரையை அளந்து வரைபடம் போட்டார். இந்தக் கடலின் பருவக்காற்றுகளையும் ஓதங்களையும் குறித்துவைத்தார். புதுச்சேரிக்கு வந்த பிறகு, நம்மவர்கள் கிரகணம் கணிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார். எண்களெல்லாம் கணிப்பவர் தலைக்குள் மனப்பாடமாக இருக்கும். தரையில் சோழிகளை வைத்து, நகர்த்தி, எடுத்து, முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு கிரகணத்தைச் சொல்லிவிடுவார். தாளும் இல்லை, பேனாவும் இல்லை. பாரிஸ் கழகத்தின் உறுப்பினர் ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இவர் சரிபார்த்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழ்க் கணிப்பு 41 நொடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் பெருமதிப்புப் பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி 68 நொடி அதிகமாக வந்தது. சோழிதான் நெருங்கியிருந்தது. அதை மறைக்காமல் எழுதினார். வாக்கியக் கணிதம் என்ற நம்முடைய இந்த முறையைப் பற்றி ஐரோப்பாவில் பேச்சு எழுந்ததில் அவர் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சீடன்: கோபப்படாதீர்கள் ஐயா. இது ஆறுதல் பரிசு. வெள்ளியைத் தேடி வந்தவருக்குச் சோழி ஈடாகுமா?

குரு: ஆகாது. நான் ஈடு என்று சொல்லவே இல்லை. இதையெல்லாம் அவர் எப்போது தொடங்கினார் என்று பார். தோற்ற பிறகு மனத்தைத் தேற்றிக்கொள்ளச் செய்த வேலை இல்லை இது. வெள்ளி கிடைக்கும் என்று முழுசாக நம்பியிருந்த நாட்களிலேயே காற்றையும் கரையையும் மனிதர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை அவரை இத்தனை தூரம் இழுத்துக்கொண்டு வந்தது, ஆனால் கண்ணைக் கட்டவில்லை. விடாமல் முயல்கிறவனையும் வெறுமனே காத்துக்கிடக்கிறவனையும் நான் அங்கேதான் பிரித்துப் பார்க்கிறேன். காத்துக்கிடப்பவனுக்கு மேகம் வந்தால் எல்லாமே போயிற்று.

சீடன்: என் கண் கட்டித்தான் இருந்தது. பழைய வினாத்தாள், நடப்பு நிகழ்வுக் குறிப்பு, மாதிரித் தேர்வு. வேறு எதையும் பார்க்கவில்லை.

குரு: உண்மையாகவே அப்படித்தான் என்றால் நீ அழ வேண்டியது அதற்கு, தேர்வுக்கு இல்லை. ஆனால் நான் கேள்விப்பட்டது வேறு. கிளை நூலகத்தில் உன்னைத் தேடி ஆட்கள் வருவார்களாமே?

சீடன்: அதுவா? பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம் என்று மனு எழுதித் தரச் சொல்லி வருவார்கள். படிக்கிற நேரத்தில் தொந்தரவு.

குரு: எழுதிக் கொடுத்தாயா?

சீடன்: கொடுத்தேன். நிர்வாகப் பாடம் படித்ததால் எந்தத் தாள் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரியும். சிலருக்கு அலையாமல் காரியம் முடிந்தது. ஒரு பாட்டி வெண்டைக்காய் கொண்டுவந்து கொடுத்தார்.

குரு: இதைத்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தாயா?

சீடன்: அது ஒரு வேலையா ஐயா? சம்பளம் உண்டா, பதவி உண்டா?

குரு: இல்லைதான். அதை ஊதிப் பெரிதாக்கவும் மாட்டேன். நாளையிலிருந்து மனு எழுதிப் பிழைத்துக்கொள் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அப்பாவுக்கு மருந்துச் செலவு இருக்கிறது, உனக்குச் சம்பளம் வருகிற வேலை வேண்டும். அதைத் தனியாக உட்கார்ந்து பேசுவோம். ஆனால் அத்தனை வருஷமும் வீண் என்று நீ எழுதுகிற கணக்கில் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுதாதே.

சீடன்: அவர் அப்புறம் என்ன ஆனார்?

குரு: அடுத்த கடப்பு 1874-இல். அதற்காகக் காத்திருப்பதாகப் பாவனை பண்ணவில்லை. கிளம்பிவிட்டார். வயிற்றுக்கடுப்பில் படுத்தார், வழியில் புயல் அவர் கப்பலை நொறுக்கியது, கடைசியில் ஒரு ஸ்பானியக் கப்பலில் ஐரோப்பா போய்ச் சேர்ந்து, 1771 அக்டோபரில் பிரான்சுக்குள் கால் வைத்தார். அங்கே அவர் செத்துவிட்டதாகப் பேச்சு. சொத்தைப் பிரித்துக்கொள்ள உறவினர்கள் தயாராக இருந்தார்கள். கழகத்தில் அவர் இடமும் கைமாறியிருந்தது. கழக இடத்தைத் திரும்பப் பெற்றார். சொத்துக்காக நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தாள். 1779-லும் 1781-லும் பயணத்தை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அந்த மேகத்தையும் சேர்த்துத்தான் எழுதினார். 1792 வரை இருந்தார்.

சீடன்: கடைசியில் கைவிட்டுவிட்டார் என்றுதானே அர்த்தம்?

குரு: வெள்ளியைக் கைவிட்டார். வானியலைக் கைவிடவில்லை. முடிந்தது முடிந்தது என்று தானே எழுதி அச்சிலும் போட ஒரு நெஞ்சுரம் வேண்டும்; எட்டு வருஷம் காத்திருந்ததைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உனக்கு வயது வரம்பு வைத்த விதி, நீ படித்த சட்டத்தையும் நிர்வாகத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

சீடன்: அன்றைக்கு மேகம் இல்லாமலிருந்தால்?

குரு: ஒரு பட்டியலில் ஒரு வரி. இந்த நேரம், இந்த இடம், இந்தப் பெயர். நானும் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டேன், உனக்குச் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

சீடன்: அவரைக் கேட்டிருந்தால் எது வேண்டும் என்றிருப்பார்? அந்த ஒரு வரியா, இந்தக் கதையா?

குரு: அந்த ஒரு வரிதான். அதில் சந்தேகமே வேண்டாம்.

சீடன்: நானும் அதைத்தான் கேட்பேன்.

குரு: நானும்தான்.