காற்று வாங்க ஓர் இடம்

மே மாதச் சென்னையில் ஒரு நாள் எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்பதைச் சூரியன் மட்டும் முடிவு செய்வதில்லை. கடற்காற்று எத்தனை மணிக்கு ஊருக்குள் வருகிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. தரை கடலைவிடச் சீக்கிரம் சூடேறும். தரைமேல் உள்ள காற்று சூடாகி மேலே எழும்ப, கடல்மேல் உள்ள காற்று அந்த இடத்துக்கு வந்து சேரும். மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று கரையிலேயே தடைபட்டு நிற்கும். நண்பகலை ஒட்டி அது உள்ளே வந்துவிட்டால் வெயிலின் ஏற்றம் அத்தோடு நின்றுவிடும். பிற்பகல் வரை வராத நாட்களில்தான் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வரை போயிருக்கிறது. அந்தக் காற்றுக்கு முதலில் முகம் கொடுக்கும் இடம் கடற்கரை. ஆகவே கோடை நாளில் மெரினாவில் போய் உட்காருவதைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதி ஒதுக்குவது தவறு என்று நினைக்கிறேன். அது உடம்பு கேட்கிற தேவை. குடிநீரைப் போலவே நகரம் தன் மக்களுக்குக் கொடுத்தாக வேண்டிய ஒன்று.

வீட்டிலேயே ஏசி இருக்கும்போது கடற்கரை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏசி இல்லாத வீடுகள்தான் இந்த நகரத்தில் அதிகம் நெருக்கியடித்து நிற்கின்றன. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வேய்ந்த கூரைகள் பகலில் கொதிக்கின்றன. காங்கிரீட் சுவர்கள் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவெல்லாம் அறைக்குள் கக்குகின்றன. பக்கத்து மாடியின் ஏசி, தன் அறையின் வெப்பத்தைத் தெருவில்தான் கொட்டுகிறது. ஒருவருக்குக் கிடைக்கும் குளிர்ச்சி இன்னொருவருக்குப் புழுக்கமாகப் போய்ச் சேர்கிறது. கடற்காற்றில் அந்தக் கணக்கு கிடையாது. ஒருவர் வாங்கிக்கொள்வதால் அடுத்தவருக்குக் குறைவதில்லை. மாலுக்குள் போனாலும் குளிரும் என்பார்கள். அங்கே எதையாவது வாங்க வந்தவர் என்ற தோற்றமாவது வேண்டும். செருப்பையும் சட்டையையும் பார்த்து எடைபோடும் காவலாளி வாசலில் நிற்பார். மணலில் சுண்டல் வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். எதுவும் வாங்காமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவரை ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நகரத்தில் இப்படிப்பட்ட இடங்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

சும்மா உட்கார்ந்திருப்பதால் என்ன பயன் என்ற கேள்வி இதைவிட ஆழமானது. பயன் என்றால் உற்பத்தி என்று மட்டும் பொருள்கொண்டால் இதற்கு விடை கிடையாது. வேலை நேரம் முதலாளிக்கும் பயண நேரம் நெரிசலுக்கும் மிச்ச நேரம் கைபேசிக்கும் போய்விட்ட மனிதருக்கு, எதிரே ஒன்றும் கேட்காத ஒரு பெருவெளி தேவைப்படுகிறது. குடும்பத்தோடு வந்தவர்கள் முதலில் தின்பண்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். நேரம் போகப் போக, வீட்டில் பேசாமல் தள்ளிப்போட்டு வந்த கடனும் கல்யாணமும் தானாகப் பேச்சில் வரும். முன்கூட்டி வேலை ஒதுக்கப்படாத இடத்தில்தான் இது நடக்கும். தனிமனிதருக்குப் பொருந்துவது ஊருக்கும் பொருந்துகிறது. 1923இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடத் தேர்ந்த இடங்களில் திருவல்லிக்கேணிக் கடற்கரையும் ஒன்று. சுதந்திரப் போராட்டக் கூட்டங்கள் அதே மணலில் திலகர் கட்டத்தில் நடந்தன. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் நாள்கணக்கில் தங்கியதும் அங்கேதான். கொழும்பு காலிமுகத் திடலில் ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் வைத்த கல், அந்த உலாவுமிடத்தைப் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் காக்கும்படி தனக்குப் பின்வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறது. காற்று வாங்க விட்ட அந்தத் திடலில்தான் 2022இல் ஒரு நாடே வந்து நின்று தன் ஆட்சியாளரைக் கேள்வி கேட்டது. இதற்குத்தான் என்று எழுதி ஒட்டாத வெற்றிடத்துக்கு இந்த வலிமை உண்டு. 2017க்குப் பிறகு மெரினாவில் போராட்டங்களுக்கு இடமில்லை என்றாகிவிட்டதை இதனால்தான் ஓர் இழப்பாகப் பார்க்கிறேன்.

அப்படித் திறந்து விட்டால் குப்பைதான் சேரும், ஒழுங்கு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். காணும் பொங்கலுக்கு மறுநாள் மணலைப் பார்த்தவர் யாரும் இதை மறுக்க முடியாது. ஆனால் ஒழுங்கு என்ற பெயரில் யார் அப்புறப்படுத்தப்படுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1985இல் கடற்கரையை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முனைந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது, மீனவர்கள் செத்தார்கள். 2023 ஏப்ரலில் மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம் லூப் சாலையோர மீன்கடைகளை அகற்றப் போனபோது பெண்கள் சாலையில் மீனைக் கொட்டிப் போராடினார்கள். ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயர் வைப்பதற்கு முன்பே அந்தக் கரையில் மீனவர்கள் இருந்தார்கள். காற்று வாங்க வருபவர் அவர்களுடைய விருந்தாளி. ஆகவே என் அளவுகோல் இது: ஒரு மாற்றத்தால் கரைக்கு வர முடிகிறவர்கள் கூடுகிறார்களா, குறைகிறார்களா? கழிப்பறையும் குடிநீரும் கூட்டுகின்றன. பகலில் கால் வைக்க முடியாமல் சுடும் மணலில் நிழல் கூட்டுகிறது. வேலியும் கட்டணமும் குறைக்கின்றன. 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மணல்மேல் மரத்தில் ஒரு பாதை போட்டார்கள். பிறந்ததிலிருந்து சென்னையில் வாழ்ந்தும் அலையருகே போகாதவர்கள் சக்கர நாற்காலியில் போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியை உடைத்தது. கடலோரத்தில் மரப்பாதை உடையும் என்பது தெரிந்ததுதான். மறுபடி போட வேண்டியதும் அதைப் போலவே தெரிந்ததுதான்.

ஆபத்து என்ற காரணமும் சொல்லப்படுகிறது. மெரினாவில் அலை இழுக்கும். இளைஞர்கள் உயிரிழப்பது உண்மை. அதற்கு வேண்டியது உயிர்காப்பாளர்களும் கண்ணில் படும் எச்சரிக்கையும். இரவு ஏறியதும் மணலில் இருப்பவர்களைக் காவலர்கள் கிளப்பி அனுப்புவதற்கும் பாதுகாப்பையே காரணம் காட்டுகிறார்கள். கோடையின் கொடுமையான வாரங்களிலாவது இதைத் தளர்த்த வேண்டும். வீட்டுச் சுவர் சூட்டைக் கக்குகிற நேரம் அதுதானே. விளக்கும் ரோந்தும் இருந்தால், கூட்டம் இருக்கிற கரை வெறிச்சோடிய கரையைவிடப் பாதுகாப்பானது.

இந்த வாதத்துக்கு எதிராக நிற்கும் பலமான உண்மை ஒன்றை நான் இன்னும் தொடவில்லை. மெரினாவின் அகலம் இயற்கையாக வந்ததல்ல. வங்கக் கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1870களில் தொடங்கிக் கட்டப்பட்ட துறைமுகத்தின் கல்சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து, சாலையருகே இருந்த அலை வெகுதூரம் தள்ளிப்போனது. வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் சேரவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போயின. இன்று அங்கே பல இடங்களில் கரை என்றால் கொட்டிய பாறாங்கல்தான். மெரினாவில் விலையில்லாமல் உட்காருகிறோம் என்று நினைக்கிறோம். வடசென்னை ஒன்றரை நூற்றாண்டாக அந்த விலையைக் கொடுத்து வருகிறது. ஆலைப் புகையும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையும் அதற்கு மேலே.

கடற்காற்று நகரம் கொடுத்தாக வேண்டிய ஒன்று என்றால், அந்தக் கடன் முதலில் வடக்கே தீர்க்கப்பட வேண்டும். போன மணல் முழுவதும் திரும்பாது. ஆனால் காற்று அங்கேயும் அதே பிற்பகலில்தான் வருகிறது. கல்சுவருக்கும் லாரிகளுக்கும் நடுவே உட்கார இடமில்லை என்பதே குறை. கல்சுவரின் மேல் அகலமான படிகள் கட்டலாம். கடலுக்குள் நீட்டியிருக்கும் கல்தடுப்புகளுக்கு இடையே கொஞ்சம் மணல் ஒதுங்கும் இடங்களை வலை உலர்த்துபவர்களிடமிருந்து பறிக்காமல், அவர்களோடு பேசி, நிழலும் தண்ணீரும் விளக்கும் வைக்கலாம். லாரிச் சாலையைத் தாண்டி ஒரு குழந்தை தனியாக நடந்துபோகக்கூடிய கடவைகள் போடலாம். மெரினாவை அழகுபடுத்த ஒதுக்கும் அடுத்த தொகையை எங்கே செலவிடுவது என்று யோசிக்கும் அதிகாரிகள், திட்ட வரைபடத்தைத் துறைமுகத்துக்கு வடக்கே விரித்துப் பார்க்கட்டும்.