கிணற்றடிக் கத்தரியும் வேலியோரப் பனையும்

பொதுக்காலம் 11ஆம் ஞாயிறு
எசேக்கியேல் 17:22-24, 2 கொரிந்தியர் 5:6-10, மாற்கு 4:26-34



இன்றைய முதல் வாசகத்தையும் நற்செய்தியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எசேக்கியேல் இறைவாக்கினர் கேதுரு மரத்தைக் காட்டுகிறார். உயர்ந்த மலையில் ஆண்டவர் தம் கையால் ஓர் இளங்கொழுந்தை நடுகிறார். அது வளர்ந்து பறவைகளுக்கெல்லாம் நிழலாகிறது. பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, ஊரும் ஆலயமும் இழந்து நின்ற மக்களுக்குக் கிடைத்த ஆறுதல் அது.

இயேசு இறையாட்சிக்கு உவமை சொல்லத் தொடங்கியபோது, கூட்டத்தில் பலர் அந்தக் கேதுருவைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் அவர் எடுத்தது கடுகு. நாம் தாளிக்கப் போடுகிற கடுகு. மத்தேயுவும் லூக்காவும் அது மரமாகிறது என்று எழுதுகிறார்கள். மாற்கு மரம் என்று சொல்லவில்லை. தோட்டத்துச் செடிகள் எல்லாவற்றிலும் பெரிதாகிறது என்கிறார். அவர் எழுதிய கிரேக்கச் சொல் கீரையையும் மரக்கறியையும் குறிக்கிற சொல். மரக்கறி என்றால் சந்தையில் கட்டுக்கட்டாக விற்பது, இரண்டு நாளில் வாடிப்போவது. அப்படிப்பட்ட ஒன்றில் பறவைகள் வந்து தங்குகின்றன என்கிறார் ஆண்டவர்.

மரக்கறிக்கு ஒரு குணம், மரத்துக்கு வேறு குணம். இது நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் வளவுகளில் நீங்கள் எனக்குக் காட்டித் தந்ததுதான்.

நம் பங்கில் ஓர் அம்மா. கிணற்றடியில் இருபது கத்தரிக் கன்று, ஒரு பயற்றம் பந்தல், இரண்டு பாத்தி கீரை. சோளகம் வீசுகிற இந்த மாதத்தில் விடியுமுன் தண்ணீர் அள்ளத் தொடங்குவார். ஊற்றின தண்ணீரைச் செம்மண் அந்த நொடியே குடித்துவிடும். மத்தியானம் பார்த்தால் கத்தரி இலையெல்லாம் காதைத் தொங்கவிட்ட மாதிரி நிற்கும். பொழுதுபட மறுபடி வாளி. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். வாடித் தொங்குகிற குருத்து ஒன்றைக் கண்டால் நகத்தால் கிள்ளிப் பிளந்து காட்டுவார், உள்ளே புழு. ஒருநாள் என்னிடம் சொன்னார்: “சுவாமி, ரெண்டு நாள் பாராமல் விட்டால் இதுகள் எங்களை விட்டிடும்.”

உண்மைதான். மரக்கறியின் வேர் மேல்மண்ணை விட்டு அதிகம் இறங்குவதில்லை. கீரை ஒரு மாதத்தில், வெண்டியும் பயற்றையும் ஏறக்குறைய ஐம்பது நாளில், கத்தரி இரண்டு மாதம் கடந்து பலன் தரும். கேட்டதை உடனே கொடுக்கும். தனக்கு வேண்டியதையும் உடனே கேட்கும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது ஒரே போகத்தில் தோட்டங்கள் வெளிறியதை நீங்கள் கண்டீர்கள்.

அதே அம்மாவின் வளவில், வேலியோரம் பனை நிற்கிறது. பனங்கொட்டை முளைக்கும் விதத்தை எண்ணிப் பாருங்கள். மேலே ஓலை வருமுன் கீழே கிழங்கு இறங்குகிறது. பார்க்கிறவனுக்கு வெறும் தரை. உள்ளே ஒரு முழம் வேலை நடந்துகொண்டிருக்கும். கிழங்கு கிண்டாமல் விட்ட கொட்டை வடலியாகி, முதல் காய் காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து வருடமும் போகும். தென்னையை வைத்தவன் தின்று சாவான், பனையை வைத்தவன் பார்த்துச் சாவான் என்று நம் முன்னோர் சொன்னது சும்மா அல்ல. காட்டில் பாலை இந்த நாட்களில் பழுக்கிறது. அதற்கு வாளி பிடித்தவர் யார்? சிறுவரும் பறவையும் கரடியும் தின்ற பிறகும் மிச்சம் வைக்கிறது.

2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியபோது பாத்திகள் ஒரே இரவில் போயின. தண்ணீர் வடிந்த பிறகு எது நின்றது என்று உங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் மரம் பெரிது, மரக்கறி சிறிது என்று சொல்லலாமா? 2009 இல் போர் முடிந்த பிறகு முகாம்களிலிருந்து திரும்பி வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். தறப்பாளுக்குப் பக்கத்தில் முதலில் எதைப் போட்டீர்கள்? கீரை போட்டீர்கள், பூசணி போட்டீர்கள். பிள்ளையின் பசி பனை காய்க்கும் வரை பொறுக்காது. பனைகளோ பதுங்குகுழிக்குத் தறிபட்டும், செல் பட்டுத் தலையிழந்தும் நின்றன. வயிறு கொஞ்சம் ஆறிய பிறகுதான் தென்னம்பிள்ளையும் மாங்கன்றும் பலாக்கன்றும் வைத்தீர்கள். கீரை போட்டபோது “இன்றைக்கு உயிரோடு இருக்கிறோம்” என்றீர்கள். மரம் வைத்தபோது “இனி இங்கேதான் இருப்போம்” என்றீர்கள். நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய மடலும் வீடு கட்டச் சொன்னது, தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணச் சொன்னது. அவர்கள் வைத்தது அந்நிய மண்ணில். நீங்கள் வைத்தது உங்கள் சொந்த மண்ணில், அழுதுகொண்டே.

அன்பார்ந்தவர்களே, நம் வாழ்க்கையிலும் மரக்கறி உண்டு, மரமும் உண்டு. இரண்டையும் மாற்றிப் பிடிப்பதால் வருகிற துன்பம்தான் அதிகம்.

சிலவற்றை இன்றைக்கே செய்ய வேண்டும். வேலைக்கு வந்தவரின் கூலி, பக்கத்து வீட்டில் எரியாத அடுப்பு, மனைவியோடு முகம்பார்த்துப் பேசுகிற பேச்சு, படுக்குமுன் பிள்ளைகளோடு சொல்லுகிற செபம், எல்லைக் கதியால் பிரச்சினையில் முறிந்த உறவு. இவை கிணற்றடிக் கத்தரி. “கடவுள் தம் காலத்தில் பார்த்துக்கொள்வார்” என்று இவற்றுக்குச் சொல்லாதீர்கள். அது விசுவாசம் ஆகாது. வாளியைத் தூக்க மனமில்லாத சோம்பல்.

வேறு சிலவற்றுக்கு நாள் குறிக்க முடியாது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் அமர்ந்தார்கள். அன்றிலிருந்து கேட்கிறார்கள்: என் பிள்ளை எங்கே? அந்தத் தாயிடம் போய் “இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று கேட்பது, நேற்று நட்ட பனையிடம் நுங்கு கேட்பதை விடக் கொடிது. துயரம் ஆறுவது மரத்தின் வளர்ச்சி. நீதி வருவதும், குடியை விட்ட ஒருவர் முழு மனிதராக எழுவதும், பரீட்சையில் தவறிய பிள்ளை தன் வழியைக் கண்டுகொள்வதும் அப்படியே. வேர் இறங்குகிறதா என்று பார்க்க யாரும் கன்றைப் பிடுங்குவதில்லையே.

நற்செய்தியின் முதல் உவமையில் விதைத்தவர் இரவில் தூங்குகிறார், பகலில் எழுகிறார். எப்படி முளைத்தது என்று அவருக்கே தெரியாது. நிலம் தன் வேலையைச் செய்கிறது. அவர் உறங்குகிறபோது உறங்காத ஒருவர் இருக்கிறார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மாங்கன்றுக்கும் முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் வேண்டும், மாடு கடிக்காமல் அடைப்பு வேண்டும். மரமாகப் போவதும் சிறுவயதில் மரக்கறியின் கவனிப்பைத்தான் கேட்கிறது. அந்தத் தாய்மாரின் துயரத்துக்கு நம்மால் முடிவு சொல்ல முடியாது. பக்கத்தில் போய் உட்காரலாம். தேத்தண்ணீர் கொண்டுபோகலாம். அவர்களுடைய பிள்ளையின் பெயரைச் சொல்லிச் செபிக்கலாம்.

ஆண்டவர் கேதுருவை விட்டுக் கடுகை எடுத்ததன் பொருள் எனக்கு அந்தக் கிணற்றடியில்தான் விளங்குகிறது. அந்த அம்மாவின் கீரைப் பாத்தியில் ஒரு பிடி எப்போதும் வேலிக்கு மேலால் போகிறது. அடுத்த வளவில் தாயில்லாத மூன்று பிள்ளைகள். பொழுதுபட்டால் அவர்கள் இந்தக் கிணற்றடியில்தான் நிற்பார்கள். வாளி பிடிப்பார்கள், புத்தகமும் கொண்டு வருவார்கள். அவர் எந்தப் பெரிய மரத்தையும் நடவில்லை, நாளாந்தம் தண்ணீர் ஊற்றினார். பறவைகள் வந்து தங்கியிருக்கின்றன.

இன்னும் சில நாட்களில் ஜூலை 2 திருவிழாவுக்கு மடுவுக்குப் போகிறோம். 1670 அளவில், ஒல்லாந்தர் காலத்து வேதகலாபனைக்குத் தப்பி, மாந்தையிலிருந்து அன்னையின் திருவுருவத்தோடு ஓடிவந்த குடும்பங்களுக்கு அந்த மடுக் காடு இடம் கொடுத்தது. போர்க்காலத்தில் ஆயிரமாயிரம் பேர் அங்கே அடைக்கலம் தேடினார்கள். பாலைக்கும் வீரைக்கும் கீழே பாய் விரிக்கும்போது நிமிர்ந்து பாருங்கள். அந்த நிழலுக்காக நாம் ஒரு வாளியும் பிடிக்கவில்லை. கூலி கொடுக்காமல் கிடைத்த நிழல் அது.

இந்தக் கிழமை ஒவ்வொருவரும் இரண்டு காரியம் செய்வோம். நாளைக்குத் தள்ளி வைத்திருக்கிற ஒன்றை இன்றைக்கு, பூசை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியிலேயே, செய்வோம். அவசரப்படுத்திக்கொண்டிருக்கிற ஒன்றை இந்தப் பீடத்தில் அப்பத்தோடும் இரசத்தோடும் வைத்து, ஆண்டவரிடம் விட்டுவிடுவோம்.

ஆண்டவரே, விடியற்காலையில் வாளி தூக்க எங்கள் கைக்குப் பலம் தாரும். இரவில் உம்மை நம்பி உறங்க எங்கள் நெஞ்சுக்கு அமைதி தாரும். ஆமென்.