நிமிர முடியாதவருக்கு மலை எட்டாதா?

 

தைப்பூசம் நெருங்கினாலே நம்ம ஆனைமலை, பொள்ளாச்சி, உடுமலை ரோடு முழுக்கப் பச்சையும் காவியும்தான். காவடியைத் தோளில் ஏத்திக்கிட்டு ராத்திரி பகல் பார்க்காம பழனிக்கு நடக்கிறாங்க. அதே சமயத்துல நம்ம குரூப்களிலும் ஒரு பேச்சு வருஷா வருஷம் சுத்தும். "விஞ்ச்ல போறவனுக்கு என்னப்பா புண்ணியம்? படி ஏறினாத்தான் முருகன் திரும்பிப் பார்ப்பான்." இதுக்குக் கீழே வேல் எமோஜி வரிசையா விழும்.

இந்தப் பேச்சு சரியா? அதை யோசிக்கிறதுக்கு முன்னாடி, காவடியை நிஜமாவே சுமக்கிற ஆளைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம். அதுதான் நம்ம முதுகுத்தண்டு.

தண்டுன்னு பேர் இருந்தாலும் அது ஒரே கம்பு கிடையாதுங்க. பிறக்கும்போது பொதுவா 33 எலும்புகள். கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5, அதுக்குக் கீழே 5, வால் பகுதியில் 4. கடைசி ரெண்டு தொகுதியும் வளர வளர ஒட்டிப்போறதால, பெரியவங்களுக்கு 26 ஆகிடும். பக்கவாட்டில் பார்த்தா நேர்கோடாவும் இருக்காது. முன்னும் பின்னுமா நாலு வளைவு. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தரையிலிருந்து வர்ற அதிர்வை வாங்கிக்க அந்த வளைவுகள் உதவுது.

வேலையையும் பிரிச்சுத்தான் செய்யுது. தலையைத் திருப்பும்போது பாதித் திருப்பம் கழுத்தோட முதல் ரெண்டு எலும்புக்கு நடுவிலேயே நடந்துடும். மார்புப் பகுதி விலா எலும்புகளோட கட்டப்பட்டிருக்கு. அதனால அது திரும்பும், ஆனா அதிகம் குனியாது. இடுப்புப் பகுதி நல்லா குனிஞ்சு நிமிரும், ஆனா அதிகம் திரும்பாது. மத்தபடி ஒவ்வொரு மூட்டும் தனியா அசையறது ரொம்பக் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து விட்டுக் கொடுத்தாத்தான் நாம சந்நிதியில் தலை குனிய முடியும்.

எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி 23 வட்டுகள் இருக்கு. டிஸ்க்னு சொல்றோமே, அதுதான். பெரியவங்க டிஸ்க்கோட நடுப்பகுதிக்கு ரத்தக்குழாயே கிடையாது. மேலேயும் கீழேயும் இருக்கிற எலும்பிலிருந்து கசிஞ்சு வர்றதுதான் அதுக்குப் பெரும்பாலும் சாப்பாடு. நம்ம கோவை கங்கா மருத்துவமனை டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு, எம்.ஆர்.ஐ. படங்களைத் திரும்பத் திரும்ப எடுத்து இதை ஆராய்ஞ்சாங்க. ரத்தத்தில் செலுத்தின மருந்து டிஸ்க்கோட நடுவுக்குப் போய்ச் சேரவே மணிக்கணக்கில் ஆகுதுன்னு தெரிஞ்சது. 2004-ல் அந்த ஆய்வுக்குச் சர்வதேசப் பரிசும் கிடைச்சது. நம்ம பாரத்தையெல்லாம் தாங்குற டிஸ்க், பக்கத்தில் இருக்கிறவங்க கொடுக்கிறதை வாங்கித்தான் உயிர் வாழுது.

இன்னொண்ணும் இருக்கு. பிறந்த குழந்தையோட முதுகு மொத்தமா ஒரே வளைவாத்தான் இருக்கும். தலையைத் தூக்க ஆரம்பிச்சதும் கழுத்து வளைவு உறுதியாகுது. உட்கார்ந்து, நின்னு, நடக்கப் பழகும்போது இடுப்பு வளைவு வருது. அதுவரைக்கும் யாரோ ஒருத்தர் நம்ம கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கியிருக்காங்க. நாம இன்னைக்கு நிமிர்ந்து நிற்கிறதில் நம்ம சொந்தச் சம்பாத்தியம்னு எவ்வளவு இருக்கு?

நமக்கு இப்படிக் கிடைச்சது நம்மகிட்டயே இருக்கும்னும் உறுதி இல்லை. நம்ம பக்கம் தென்னை ஏறுறவங்க வீட்டில் கேட்டுப் பாருங்க. ஒரு மட்டை நழுவினா போதும். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பலமா அடிபட்டா கை, கால் ரெண்டுமே போயிடலாம்.

1975-ல் கோவையில் இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன் என்ற மாணவருக்கு அதுதான் நடந்தது. கடற்படை அதிகாரி ஆகணும்னு பெங்களூரில் நடந்த தேர்வுக்குப் போனார். உடல்திறன் சோதனையில் விழுந்து தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே செயலிழந்து, தென்காசிப் பக்கம் இருக்கிற சொந்த ஊர் ஆய்க்குடிக்குத் திரும்பினார். ஆமா, பாலசுப்பிரமணிய சுவாமி குடியிருக்கிற அதே ஆய்க்குடி. 1981-ல் அங்கேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை கொடுத்துத் தெம்பும் கொடுத்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரைத்தான் அதுக்கு வெச்சார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பள்ளி, தெரபி, தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு மறுவாழ்வுன்னு அது வளர்ந்தது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க.

இவர் பழனிக்கு வந்தா விஞ்ச்சிலோ ரோப் காரிலோதான் மேல போகணும். "படி ஏறலையே"ன்னு இவர்கிட்ட சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்? வராது. ஆனா விஞ்ச் வரிசையில் நிற்கிற பேர் தெரியாத அம்மாவைப் பார்த்து மட்டும் எப்படிச் சொல்றோம்? அவங்க டிஸ்க் எந்த நிலையில் இருக்குன்னு நமக்குத் தெரியுமா? வெளியே பார்த்தா ஒண்ணுமே தெரியாத முதுகுவலியும் உண்டு.

"அப்போ நாங்க கால் வெடிக்க நடக்கிறது வீணா?"ன்னு நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்வி. வேண்டுதல்னா உடம்பும் அதில் சேரணும். சும்மா உட்கார்ந்து நினைச்சா போதும்னு சொன்னா, விரதத்துக்கும் காவடிக்கும் அர்த்தமே இல்லாம போயிடும். இடும்பன் ரெண்டு மலையைத் தோளில் சுமந்த கதையில்தான் நம்ம காவடியே பிறந்தது. முடியறவங்க நடக்கணும், ஏறணும். அந்த வலியும் சந்தோஷமும் நிஜம்.

ஆனா காணிக்கைங்கிறது அவங்கவங்ககிட்ட இருக்கிறதிலிருந்துதான். என் உண்டியல் காசை வெச்சு உங்க பக்தியை அளக்க முடியாதுன்னா, என் முதுகை வெச்சும் அளக்க முடியாது. நல்ல முதுகு இருக்கிறவனுக்கு 693 படி ஒரு மணி நேர வேலை. இன்னொருத்தருக்குக் கட்டிலிலிருந்து எழுந்து விளக்கேத்துறதே 693 படி. எது பெரிசுன்னு தீர்ப்பு சொல்ற இடத்துல நாம இல்லை. நம்ம படியை எண்ணலாம், அடுத்தவங்க படியை எண்ண வேண்டாம்.

ஆறு ஆதாரமும் ஆறு படைவீடும் ஒண்ணு, அதெல்லாம் முதுகுத்தண்டில்தான் இருக்குன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அது உண்மைன்னா, தண்டு உடைஞ்சவருக்கு முருகன் இல்லாமப் போயிடுவானா? ஆனைமலைக்காரங்களுக்கு இதில் சந்தேகமே வரக்கூடாது. நம்ம மாசாணியம்மன் மல்லாந்து படுத்த கோலத்தில்தான் இருக்கா. நியாயம் கேட்டு மிளகாய் அரைச்சுப் பூசுறவங்க, படுத்திருக்கிறவளுக்குச் சக்தி குறைவுன்னு ஒருநாளும் நினைச்சதில்லை. பழனியில் நம்மப்பனும் கையில் தண்டோடதான் நிற்கிறான்.

அதனால இந்த வருஷம் நடக்கும்போது மூணு விஷயம் பண்ணுவோம். காவடியைக் குனிஞ்சு தூக்காம, முட்டியை மடக்கி, உடம்போட ஒட்டித் தூக்குங்க. இடுப்பு டிஸ்க் நன்றி சொல்லும். நம்மால ஏற முடியும்னா விஞ்ச் சீட்டை முடியாதவங்களுக்கு விட்டுடலாம். அடிவாரத்தில் யாராவது சக்கர நாற்காலியோட நின்னா, "அண்ணா, தள்ளட்டுங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!